இருவர் அறையில் ஒருவர்

வெளிநாட்டுச் சுற்றுலா விளம்பரங்களின் வழுவழுப்பான தாளில் ஈபிள் கோபுரமும் ஆல்ப்ஸ் பனிச்சிகரமும் பளிச்சிட, அவற்றின் கீழே கொட்டை எழுத்தில் ஒரு தொகையும், அத்தொகையின் தோளில் ஒரு சிறு நட்சத்திரக் குறியும், அந்தக் குறிக்கு விளக்கமாகத் தாளின் அடிமூலையில் எறும்புச் சாரி போன்ற எழுத்தில் ‘இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கு’ என்ற வாசகமும் அச்சாகியிருப்பதைத் தம்பதிகளாகப் புறப்படுகிறவர்கள் படிப்பதில்லை. படிக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி அதைப் படிப்பவர்கள் வேறு ரகத்தினர்: பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டுக் கணவரையும் இழந்தவர்கள், மணவாழ்வை நாடாமலே உத்தியோகத்தில் காலங்கழித்து ஓய்வு பெற்றவர்கள், மனைவிக்கு விமானம் என்றாலே ஆகாது என்பதால் தனியே கிளம்பும் சம்சாரிகள். குழுச் சுற்றுலாக்களில் சேர்ந்து அயல்நாடு போய்வந்த இத்தகைய தனியர்களை இந்தக் கட்டுரைக்காக விசாரிக்கப் புகுந்தபோது, எந்தக் கோபுரம் உயரம், எந்த ஊர்ச் சாம்பார் தேவலை என்பன போன்ற வர்ணனைகளையே எதிர்பார்த்தேன். கிடைத்ததோ பெரும்பாலும் அறையைப் பற்றிய புலம்பல்.

தனியாகப் போக விரும்புகிறவர் ஏன் குழுவில் சேர வேண்டும் என்று கேட்பது எளிது. ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, ஒவ்வோர் இரவும் தங்குமிடத்துக்கான அத்தாட்சி, வங்கிக் கணக்கின் வரலாறு என்று ஒரு கட்டுக் காகிதத்தைச் சேகரித்து, பெட்டியை இழுத்துக்கொண்டு மொழி தெரியாத ரயில் நிலையத்தில் நடைமேடை மாறி, இரவில் பசியோடு மரக்கறி உணவுக்கு அலைவதெல்லாம் அறுபது வயதுக்கு மேல் உல்லாசம் ஆகாது. முதுகில் பையைச் சுமந்து தன்னந்தனியே தேசாந்தரம் போகும் இளைஞர்கள், குழுவோடு பஸ்ஸில் போவது பிரயாணமே அல்ல என்கிறார்கள். அவர்கள் வாதத்திலும் உண்மை இருக்கலாம், ஆனால் அவர்களுக்கு முழங்கால் வலி இல்லை.

துணையில்லாதவருக்குக் குழுவே துணையாவது நூதனமான ஏற்பாடு அன்று. 1841-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி இங்கிலாந்தில் ஒரு மதுவிலக்குப் பிரசாரகர், லெஸ்டர் நகரத்திலிருந்து லஃப்பரோவில் நடந்த கூட்டத்துக்குத் தலைக்கு ஒரு ஷில்லிங் வீதம் வசூலித்துத் தனி ரயிலில் ஜனங்களை அழைத்துப் போனார். 1863-இல் அவரே ஒரு குழுவை ஸ்விட்சர்லாந்துக்கு நடத்திச் சென்றார். ஆண் துணையின்றி ஒரு ஸ்திரீ வெளியூர் போவதே அபவாதத்துக்கு இடமாக இருந்த அந்நாளில், அத்தகைய பிரயாணங்களில் மணமாகாத பெண்கள் கணிசமாகச் சேர்ந்ததற்குக் காரணம், குழு என்ற பெயரே அவர்களுக்குக் கௌரவமான காவலாக நின்றதுதான். நம் நாட்டிலும், நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண்கள் நான்கு பேராகவேனும் சேர்ந்தால் ஆண் உறவினர் துணையின்றி ஹஜ் யாத்திரை போகலாம் என்று 2018-இல் விதி தளர்ந்தபோது அடிப்படையில் இருந்தது இதே நியாயம். காசிக்குப் போன நம் பாட்டிமார்களும் தெருவோடு சேர்ந்து போனவர்களே. ஆனால் அவர்கள் சத்திரத்துக் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்தார்கள். அங்கே அறையும் இல்லை, ஒற்றைப்படை இரட்டைப்படை என்ற கணக்கும் இல்லை.

இன்றைய சுற்றுலா வியாபாரம் முழுவதும் இரட்டைப்படையின் மேல் எழுந்திருக்கிறது. பஸ்ஸில் இருக்கை தலைக்கு ஒன்று, அருங்காட்சியகத்தில் அனுமதிச்சீட்டு தலைக்கு ஒன்று, சாப்பாடும் அப்படியே. ஹோட்டல்காரர் மட்டும் தலையை எண்ணாமல் கதவை எண்ணுகிறார். ஓர் அறைக்கு இரவொன்றுக்கு 120 யூரோ என்று வைத்துக்கொண்டால், இருவர் தங்கும்போது ஆளுக்கு 60; ஒருவரே தங்கினால் அந்த 120-ம் அவர் தலையில். பத்து இரவுக்கு 600 யூரோ அதிகம் என்பதைப் பயண முகவர்கள் ‘சிங்கிள் சப்ளிமெண்ட்’ என்று சத்துமாத்திரையின் பெயரைப் போலச் சாதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, வெளிநாட்டுச் சுற்றுலாக் கட்டணத்தின் மேல் 2020 அக்டோபர் முதல் பிடித்தம் செய்யப்படும் மூலவரி, இந்தக் கூடுதல் தொகையின் மேலும் விழுகிறது. பிற்பாடு கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், முதலில் எடுத்து வைக்க வேண்டியது ஓய்வூதியத்திலிருந்துதானே! ஹோட்டல் எங்களிடம் அறைக்குத்தான் கேட்கிறது, நாங்கள் என்ன செய்வோம் என்பது முகவர்களின் சமாதானம். நியாயமே. ஆயினும் அவ்வளவு பணம் கட்டியவருக்குக் கிடைப்பது, பல ஐரோப்பிய ஹோட்டல்களில், மின்தூக்கிக்கு அருகே ஒரு குறுகிய கட்டில் மட்டும் கொள்ளும் சிற்றறையாக இருப்பதை அந்தச் சமாதானம் விளக்கவில்லை.

உல்லாசக் கப்பல்களில் நிலைமை இன்னும் கறார். தனியாளாக ஓர் அறையைக் கேட்டால் பெரும்பாலும் இருவர் கட்டணத்தையே எடுத்து வைக்க வேண்டும். 2010-இல் கடலில் இறங்கிய ஒரு பெரிய கப்பலில் தனியர்களுக்கென்றே 128 சிற்றறைகளைக் கட்டி, அவர்கள் கூடிப் பேச ஒரு பிரத்தியேகக் கூடமும் வைத்தார்கள்; பிறகு மற்ற நிறுவனங்களும் அந்த வழியைப் பின்பற்றத் தொடங்கின. ஜப்பானில் தனியாக வருகிறவர்கள் மாத்திரமே சேரும் குழுச் சுற்றுலாக்கள் நெடுநாளாக நடக்கின்றன. ஆளுக்கு ஓர் அறை, பஸ்ஸிலும் ஆளுக்கு இரண்டு இருக்கை என்று அவற்றில் ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். பகலில் கூட்டம், இரவில் ஏகாந்தம் என்ற இந்த முறையைவிடப் பொருத்தமான ஒன்றை நான் கேள்விப்படவில்லை. நம் ஊரிலும் பெண்கள் மட்டும் சேரும் குழுக்கள் இருக்கின்றன என்றாலும், அவற்றிலும் அறை பெரும்பாலும் இருவருக்கே.

பணம் கட்ட மனமில்லாதவருக்கு, அல்லது வழியில்லாதவருக்கு, மிஞ்சுவது ஜோடி சேர்த்தல். இதுவே என்னை உறுத்துவது. திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாட்டில், பத்து இரவு ஒரே அறையில் உறங்கப்போகிற இருவருக்கு, இருவரும் பெண், அல்லது இருவரும் ஆண் என்ற ஒரு பொருத்தத்துக்கு மேல் ஒருவரும் பார்ப்பதில்லை. எப்போது உறங்குவீர்கள், குறட்டை உண்டா, என்ன நோய், என்ன மருந்து என்று விண்ணப்பத்தில் ஒரு வரி கிடையாது. பாஸ்போர்ட்டில் எத்தனை பக்கம் காலியாக இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்கிறார்கள்.

பாரிஸ் நகரின் புறவட்டச் சாலையை ஒட்டிய ஹோட்டலொன்றில் இப்படி ஜோடி சேர்க்கப்பட்ட இருவரின் கதையை, இருவரிடமும் தனித்தனியே கேட்டேன். ஒருவர் திருச்சியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் கும்பகோணத்து மாமி. அறைக்குள் நுழைந்ததும் அவர்கள் கண்டது இரண்டு கட்டில்கள் அல்ல. ஒரே சட்டத்துக்குள் நெருக்கிப் பொருத்திய இரண்டு மெத்தைகளும், அவற்றின் மேல் தனித்தனியே மடித்து வைத்த இரண்டு ரஜாய்களுமே. இழுத்துப் பிரிக்க முயன்றார்கள், சட்டம் அசையவில்லை. பெட்டி வைக்கும் மணை ஒன்றே ஒன்று. கதவைத் திறக்கும் அட்டையைச் சுவரிலுள்ள பிளவில் செருகினால்தான் விளக்கு எரியும். ஒருவர் அட்டையை எடுத்துக்கொண்டு கீழே சுடுநீர் வாங்கப் போனால், மற்றவர் குளியலறையில் இருட்டில் நிற்க வேண்டியதுதான். கழிவறையில் குவளை இல்லாததால் காலித் தண்ணீர்ப் புட்டி ஒன்றைப் பத்திரப்படுத்தினார்கள். அது யாருடைய புட்டி என்பதில் மூன்றாம் நாள் ஒரு சிறு மனஸ்தாபம் உண்டாயிற்று.

“டீச்சர், நீங்க தப்பா நெனச்சுக்கலேன்னா ஜன்னலைக் கொஞ்சம் தெறக்கட்டுமா? எனக்கு மூச்சு முட்டறது.”

“வெளியே ஏழு டிகிரிங்க மாமி. எனக்குச் சளி பிடிச்சா நாளைக்கு மலைமேல ஏற முடியாது.”

மாமி நாலு மணிக்கு எழுகிறவர். கைப்பேசியில் சுப்ரபாதத்தை எவ்வளவு தணித்து வைத்தாலும் டீச்சருக்குக் கேட்டது. டீச்சர் குறட்டை விடுகிறவர். அதை அவரே ஒப்புக்கொள்ளவில்லை, மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவையெல்லாம் சிரித்து மறக்கத் தக்கவை. ஐந்தாம் இரவு மாமிக்குச் சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டியதும், டீச்சர் தம் பையிலிருந்த தேன்மிட்டாயை அவர் வாயில் போட்டு, டூர் மேனேஜர் அறைக்கு ஓடி, விடியும் வரை கண்விழித்திருந்ததும் அப்படிப்பட்டவை அல்ல. முன்பின் அறியாத ஒருவர் நமக்கு இரவெல்லாம் செவிலியாக அமைவது தெய்வாதீனம். ஆனால் தெய்வாதீனத்தை நம்பி ஒரு வியாபாரம் நடக்கலாமா? டீச்சரின் இடத்தில் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கும் ஒருவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாமியின் மகன் கேட்டதற்கு, எவரும் பதில் சொல்லவில்லையாம். தனி அறையில் இருந்தால் மட்டும் ஆபத்து இல்லையா என்று வாசகர் கேட்கலாம். உண்டு, ஆனால் அது அவர் தெரிந்தே ஏற்றுக்கொண்ட ஆபத்து.

ஆண்களுக்கு இந்தச் சங்கடம் குறைவு என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். பாஸ்போர்ட் பையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டிலைப் பார்த்தவாறே படுத்திருந்த ஒரு பெரியவர் அதை ஆமோதிக்கவில்லை.

பகற்பொழுதின் குறைகளை அதிகம் விஸ்தரிக்கத் தேவையில்லை. ‘ஆறு, ஏழு, எட்டு’ என்பது குழுச் சுற்றுலாவின் மந்திரம்: ஆறுக்கு எழுப்பும் மணி, ஏழுக்குச் சிற்றுண்டி, எட்டுக்குப் பஸ். எட்டு என்றால் எட்டுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வெடுத்தே தீர வேண்டும், ஒரு நாளில் சாதாரணமாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டவும் கூடாது, அவ்வளவையும் வண்டியிலுள்ள கருவி பதிவு செய்துகொண்டே இருக்கும். வண்டி கிளம்புமுன், பக்கத்தில் உட்கார்ந்தவர் வந்துவிட்டாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று டூர் மேனேஜர் ஒலிபெருக்கியில் சொல்லும்போது, பக்கத்தில் எவரும் இல்லாதவர் தாமே கையைத் தூக்கித் தம் இருப்பைத் தெரிவித்துக்கொள்கிறார். 3,454 மீட்டர் உயரத்து யுங்ஃபிராவ்யோக் நிலையத்தில், 1912 முதல் ஓடும் மலைரயிலிலிருந்து இறங்கியவுடன், எல்லாத் தம்பதிகளின் கைப்பேசியும் அவர் கைக்கு வருகிறது. அத்தனை பேரையும் படம் பிடித்து முடிக்கும்போது அவர் விரல்கள் மரத்திருக்கும். வெனிஸில் மட்டும் அவருக்குக் கிராக்கி. கொண்டோலாப் படகில் ஐந்து பேருக்கு மேல் ஏற்றுவதில்லையாகையால், இரண்டு தம்பதிகள் ஏறியபின் மிஞ்சும் ஓரிடத்துக்கு, கட்டணத்தைப் பங்கிட ஒருவர் கிடைத்தாரே என்ற சந்தோஷத்தோடு, அவரை வா வா என்று அழைக்கிறார்கள்.

ஆகையால், பணம் கட்டுமுன் தனியர் கேட்க வேண்டிய கேள்வி, பாரிஸில் எத்தனை இரவு என்பதன்று. அறைக்கூட்டாளி அகப்படாமற்போனால் கூடுதல் கட்டணம் யாருடையது? சில நிறுவனங்கள் தாமே ஏற்கின்றன. சிலவற்றில், புறப்பட இரண்டு வாரம் இருக்கையில், ஜோடி கிடைக்கவில்லை, மீதியைக் கட்டுங்கள் என்று செய்தி வருகிறது, அந்தக் கட்டத்தில் பயணத்தை ரத்துசெய்தால் கட்டிய பணத்திலும் பெரும்பகுதி போய்விடும். கூட்டாளி கிடைத்தால், புறப்படுமுன் அவரோடு தொலைபேசியில் பேச விடுவார்களா? அவருடைய வயது என்ன, மருந்து என்ன? இவற்றைக் கேட்டால் முகவர் முகம் சுளிக்கிறார் என்பது நான் நேரில் கண்டது. தனிப்பட்ட விவரம், சொல்வதற்கில்லை என்கிறார். தொலைபேசியில்கூடச் சொல்லத் தகாத அளவு அந்தரங்கமான ஒருவரோடு ஒரே சட்டத்துக் கட்டிலில் படுக்கச் சொல்வது எப்படிப் பொருந்தும் என்று எனக்கு விளங்கவில்லை.

திருச்சி டீச்சரும் கும்பகோணத்து மாமியும் ஊர் திரும்பிய பிறகு ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை. அப்புறம் மாமியே தொலைபேசியில் அழைத்தார். அடுத்த வசந்தத்தில் ஜப்பான் போவதென்று இருவரும் தீர்மானித்து, ஒரே முகவரிடம் ஒரே நாளில் முன்பணம் கட்டியிருக்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்கள், அறையை மட்டும் ஆளுக்கொன்றாகக் கேட்டு, சிங்கிள் சப்ளிமெண்ட்டையும் தனித்தனியே செலுத்தி ரசீது வாங்கிக்கொண்டார்கள்.