படத்தில் தெரியாத நடுவலி

நடுவலி எனப்படும் கீழ்முதுகு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபின் 'டிஸ்க் விலகிப் போச்சாம்' என்ற ஒரு வரியோடு ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்கள் நாஞ்சில் நாட்டில் தெருவுக்குத் தெரு உண்டு. குடம் தூக்குவதில்லை, குனிவதில்லை, பெல்ட்டைக் கழற்றுவதில்லை. ஆனால் வலியே இல்லாத 3,110 பேரின் முதுகுப் படங்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும் 50 வயதினரில் 60 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது. தலை நரைப்பதுபோல முதுகுக்குள்ளும் வயது ஏறுகிறது.

படமே வேண்டாம் என்பதல்ல. சிறுநீர் பிரியாமை, தொடையிடுக்கு மரத்துப்போவது, காலில் வலு குறைவது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலும் எடையிழப்பும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்த்தாக வேண்டும். இளவயதில் காலையில் அரைமணிக்கு மேல் முதுகு விறைத்து, நடமாடினால் தளர்கிறதா? அது வாதநோயாக இருக்கலாம், வைத்தியமே வேறு. இவற்றை விலக்கியபின் எஞ்சுபவர்கள்தான் பெருங்கூட்டம். அவர்களுக்கான விடை பெரும்பாலும் படத்தில் இல்லை.

கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். அதனால் விடியுமுன் தொடங்கி 300 மரமாவது வெட்ட வேண்டும். புது மரத்தில் வெட்டு நெஞ்சளவில் இருக்கும். ஆண்டுகள் போகப்போக அது கீழிறங்கும், அவரும் குனிந்துகொண்டே போவார். முந்திரி ஆலையில் தோடு உடைக்கும் பெண்ணோ அசையாமல் உட்கார்ந்தே பொழுதைக் கழிப்பவர். இருவருடைய அறிக்கையிலும் ஒரே வரி இருக்கலாம். ஒருவருக்குக் குனிவதில் பயம் புகுந்து, ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்து முதுகை இறுக்கிக்கொள்கிறார். அந்த இறுக்கமே வலியை வளர்க்கிறது. இன்னொருவருக்குத் தூக்கமில்லை, வட்டிக் கவலை. நரம்பு மண்டலம் சின்னத் தொடுகைக்கும் துடிக்கிறது. இருவருக்கும் ஒரே மாத்திரையும் முதுகை இழுக்கும் ஒரே டிராக்‌ஷனும் கொடுப்பது எப்படிச் சரியாகும்? 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட நடுவலிக்கு டிராக்‌ஷனும் வேண்டாம், இடுப்பு பெல்ட்டும் வேண்டாம் என்கிறது.

மாற்று வழியை ஆஸ்திரேலியாவின் கர்டின் பல்கலைக்கழகக் குழு 492 பேரிடம் சோதித்தது. இயன்முறை மருத்துவர் முதலில் நோயாளியின் கதையை முழுதாகக் கேட்டார். பிறகு நோயாளி அஞ்சும் அசைவையே, உடலைத் தளர்த்தி, மெல்ல மெல்லச் செய்யவைத்தார். 12 வாரத்தில் அதிகபட்சம் ஏழு அமர்வுகள், பின்னர் நினைவூட்டலாக ஒன்று. ஓராண்டு கழித்தும் பலன் நின்றதை 2023இல் லான்செட் இதழ் வெளியிட்டது. மூன்றாண்டுத் தொடர்கண்காணிப்பிலும் பலன் தொடர்ந்தது. என்னைக் கவர்வது, இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான். உடலசைவை அளக்கும் சென்சார்களைச் சிலருக்குப் பொருத்தியும் பார்த்தார்கள். கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை.

பால் வெட்டுபவரிடம் குனியாதே என்று சொல்ல முடியாது. அது அவர் கூலி. பயமின்றிக் குனியப் பழக்க முடியும். ஆலைப் பெண்ணுக்கு இடையிடையே எழுந்து நாலடி நடக்க மேஸ்திரியின் அனுமதி வேண்டும். அதுவும் சிகிச்சையில் ஒரு பகுதியே. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. அப்படி வருபவரிடம் ஸ்கேன் உறையை நீட்டுமுன், எந்த வேலையில் வலி கூடுகிறது, எதில் தணிகிறது, எதைச் செய்ய அஞ்சி விட்டுவிட்டீர்கள், இரவில் எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.