வீட்டுப் பூனைக்கும் வெறிநோய் தடுப்பூசி அவசியம்



நம் பகுதி முஸ்லிம் வீடுகளில் நாய் வளர்ப்பவர்கள் குறைவு. ஆனால் பூனை இல்லாத தெரு இல்லை. பரங்கிப்பேட்டையானாலும் லால்பேட்டையானாலும் மீன் கழுவும் நேரத்தில் வாசலில் நாலு பூனை நிற்கும். பூனை நம்மைச் சுற்றி வரும் பிராணி, அசுத்தமானதல்ல என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதால் அதை யாரும் விரட்டுவதும் இல்லை. பிள்ளைகள் மடியில் வைத்துக் கொஞ்சுகிறார்கள்.

ஆனால் ரேபிஸ் என்றால் நாய்க்கடி மட்டும்தான் என்று பலர் நினைக்கிறோம். மனிதருக்கு இந்நோய் பெரும்பாலும் நாயிடமிருந்தே வருகிறது என்பது உண்மை. அதே நாய் பூனையைக் கடித்தால் பூனைக்கும் வரும், பூனையிடமிருந்து நமக்கும் வரும். பகலில் மடியில் தூங்கும் பூனை இரவில் தெருவில் திரிகிறது. அது பிறாண்டியதைப் பிள்ளைகள் உம்மாவிடம்கூடச் சொல்வதில்லை.

நோய் எப்படிப் பரவுகிறது?

கிருமி பிராணியின் உமிழ்நீரில் இருக்கும். கடி அல்லது கீறல் வழியே நுழைந்து, நரம்பு வழியாக மூளைக்குச் செல்லும். பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதங்களில் அறிகுறி தெரியும். முகம், தலை, கைகளில் கடித்தால் இன்னும் சீக்கிரம் தெரியலாம். அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதனால் இறக்கிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான்.

பிராணிகளுக்குத் தடுப்பூசி

நாய், பூனை இரண்டுக்கும் மூன்று மாத வயதில் முதல் ஊசி. சில வாரங்கள் கழித்து மருத்துவர் சொல்லும் நாளில் இரண்டாவது ஊசி. பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. கடலூர், சிதம்பரம் அரசு கால்நடை மருத்துவமனைகளை அணுகுங்கள். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தையொட்டி நடக்கும் முகாம்களில் இலவசமாகவே போடுகிறார்கள். பூனையை மூடிய கூடையில் கொண்டு செல்லுங்கள். ஊசி போட்ட தேதியை எழுதி வையுங்கள். தோப்பு, ஆட்டுப்பட்டி காவலுக்கு நாய் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

கடித்துவிட்டால்

1. உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள்.

2. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள்.

3. அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்கள், கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றில் கேளுங்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பது பழைய கதை. இப்போது கையில் சில தவணைகள்தான்.

4. இரத்தம் வந்த காயமென்றால் தடுப்பூசியோடு, காயத்திலேயே செலுத்தும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும்.

5. வளர்ப்புப் பிராணியானால் 10 நாள் கவனியுங்கள். ஆனால் அதுவரை ஊசி போடாமல் காத்திருக்க வேண்டாம். ‘நம்ம பூனைதானே, ஊசி போட்டிருக்கே’ என்றும் இருந்துவிட வேண்டாம்.

ஓதிப் பார்ப்பவர்கள் ஓதுங்கள், துஆ செய்யுங்கள். அதற்காக ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்ததையும், பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்டதையும் ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். சோறு வைக்கும் பிராணிக்கு நோய் வராமல் காப்பதும் அந்த அமானிதத்தில் சேர்ந்ததே.

இந்த வாரமே உங்கள் வீட்டுப் பூனைக்கு ஊசி போட்டாயிற்றா என்று பாருங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளை எல்லா நோய்களிலிருந்தும் பாதுகாப்பானாக. ஆமீன்.