பாடல் வரிசையும் அதன் கணக்கும்

‘இவ்வாரம் முதலிடம் பெறும் பாடல்’ என்று அறிவிப்பாளர் கூறும்பொழுது, அவ்விடத்தை அதற்கு அளித்தவர் யார் என்று கேட்போர் வினவுவது அரிது. வினவிப் பார்த்தால், பாடலின் இனிமையைப் போலவே எண்ணும் முறைக்கும் அதிற் பங்குண்டு என்பது புலனாகும்.

பிரித்தானியாவில் இத்தகைய வரிசை 1952 நவம்பர் 14ஆம் திகதி ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ என்னும் வார ஏட்டில் வெளியாயிற்று. அவ்வேட்டின் விளம்பரப் பகுதியைக் கவனித்த பேர்சி டிக்கின்ஸ் என்பார், ஏறத்தாழ இருபது இசைத்தட்டுக் கடைகளைத் தொலைபேசியில் அழைத்து, எவை மிகுதியாக விற்றன என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஆராய்ச்சி அவ்வளவே. முதலிடம் அமெரிக்கப் பாடகர் அல் மார்ட்டினோவுக்குக் கிடைத்தது.

அதே ஆண்டு டிசெம்பரிற் கொழும்பிலும் ஒரு முயற்சி தொடங்கியது. அவ்வாண்டில் இந்தியாவின் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய விலக்கிவிட்டார். சாஸ்திரீய இசையை வளர்க்கவேண்டுமென்பது அவர் நோக்கம். விளைவு வேறாயிற்று, இந்திய நேயர்கள் ரேடியோ சிலோனின் சிற்றலை வரிசைக்குத் திரும்பினர். பற்பசை விளம்பரதாரரின் ஆதரவுடன் அமீன் சயானி வழங்கிய ‘பினாக்கா கீத்மாலா’ பம்பாயில் ஒலிப்பதிவாகிக் கொழும்பிலிருந்து புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு ஒலித்தது.

தொடக்கத்தில் அது தரவரிசையன்று. ஏழு பாடல்களை ஒலிபரப்பி, அவை வெளிவந்த காலமுறைப்படி அவற்றை ஒழுங்குசெய்யுமாறு நேயர்களைக் கேட்கும் போட்டியே அது. பரிசு நூறு ரூபா. முதல் நிகழ்ச்சிக்கே ஏறத்தாழ 9,000 கடிதங்கள் வந்தனவென்று சயானி பின்னாளிற் கூறியதுண்டு. கடிதங்கள் பெருகி வாரந்தோறும் பல்லாயிரமாகவே, போட்டியைக் கைவிட்டு, பாடல்களை அவற்றின் செல்வாக்கின்படி வரிசைப்படுத்தும் முறை வந்தது. வரிசையின் ஒவ்வோர் இடத்தையும் ‘படி’ என்னும் பொருள்பட அவர் அழைத்ததனால், பாடல் ஏறுவதும் இறங்குவதும் ஒரு கதைபோலாயின.

ஆனால் கணக்கு எங்கிருந்து வந்தது? முதலில் இசைத்தட்டு விற்பனையிலிருந்து. அதில் ஒரு பெருங்குறை உண்டு. கடையிலே தட்டு முடிந்துவிட்டால், ஊரெல்லாம் முணுமுணுக்கும் பாடலும் விற்பனையற்றதாகத் தோன்றும். மேலும், தட்டு வாங்குவதற்குக் கிராமபோன் வேண்டும். வானொலிக்கோ அயல்வீட்டுத் திண்ணையே போதும். ஆகவே நேயர் மன்றங்களின் வாக்குகளும் சேர்க்கப்பட்டன. தட்டு வாங்க இயலாதவனுக்கும் இவ்வாறு ஒரு குரல் கிடைத்தது.

அமெரிக்காவில் ‘பில்போர்ட்’ ஏடு 1958 ஓகஸ்ட் 4 முதல் நூறு பாடல்களின் வரிசையை வெளியிட்டது. விற்பனையோடு வானொலியில் ஒலித்த அளவும் அதிற் கணக்கிடப்பட்டது. ஒலிபரப்புக்கு மதிப்புண்டெனின் அதை விலைக்கு வாங்க முனைவோரும் இருப்பர் அல்லவா? பணம் பெற்றுப் பாடல்களை ஒலிபரப்பும் வழக்கத்தைக் காங்கிரஸ் சபைக் குழு 1959, 1960ஆம் ஆண்டுகளில் விசாரித்தது. மறைவாகப் பணம் பெறுவது 1960இற் குற்றமாக்கப்பட்டது. எனினும் விற்பனைப் பகுதி நெடுங்காலம் கடைக்காரரின் வாய்மொழியையே நம்பியிருந்தது. 1991இல், பொதியிலுள்ள கோட்டுக் குறியை இயந்திரம் படித்து எண்ணத் தொடங்கிற்று. உடனே ‘கன்ட்ரி’, ‘ராப்’ இசைத்தட்டுகள் வரிசையில் மேலேறின. வாங்குவோர் முன்பும் இருந்தனர். எண்ணுவோரே அவர்களைக் காணவில்லை.

1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி எம். ரி. வி. தொலைக்காட்சி தொடங்கியபின், பாடலுக்குக் காட்சியும் இன்றியமையாததாயிற்று. ஆயினும் காட்சிக்குக் கணக்கிலே இடமில்லை. கொரியப் பாடகர் சை 2012 ஜூலையில் வெளியிட்ட ‘கங்னம் ஸ்டைல்’ காணொளி, அவ்வாண்டு டிசெம்பரில் யூடியூப் தளத்தில் நூறு கோடித் தடவை பார்க்கப்பட்ட முதற் காணொளியாயிற்று. பில்போர்ட் வரிசையிலோ அது ஏழு வாரம் இரண்டாம் இடத்திலேயே நின்றது. வானொலியில் அதனினும் மிகுதியாக ஒலித்த ‘மரூன் 5’ குழுவினரின் பாடல் முதலிடத்தை விடவில்லை.

2013 பெப்ரவரியில் யூடியூப் பார்வைகளும் கணக்கிற் சேர்க்கப்பட்டன. அப்புதிய கணக்கின் முதல் வரிசையிலேயே, ‘ஹார்லெம் ஷேக்’ என்னும் பாடல் நேரே முதலிடத்திற் புகுந்தது. அதற்குப் பெரிதும் துணைநின்றவை, அப்பாடலின் ஏறத்தாழ முப்பது விநாடிப் பகுதிக்குப் பொதுமக்கள் தாமே ஆடிப் பதிவேற்றிய வேடிக்கைக் காணொளிகள். சையின் பாடல் ஏழு மாதம் முந்திப் பிறந்துவிட்டது.