மார்பில் திடீர் கட்டி! மிரளும் பையன்கள், காசு பறிக்கும் 'லாட்ஜ்' வைத்தியர்கள்

நேற்று வரை வெற்று உடம்போடு தெருவில் கபடி ஆடிய பையன், திடீரென்று சட்டையைக் கழற்ற மறுக்கிறான். வெயில் கொளுத்தினாலும் உள்ளே பனியன், மேலே தொளதொள சட்டை. டிரில் பீரியட் வந்தால் வயிற்று வலி. கேட்டால், "ஒண்ணுமில்ல போம்மா" என்று எரிந்து விழுகிறான்.

விஷயம் என்ன தெரியுமா? மார்புக் காம்புக்கு அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கட்டி! பஸ் நெரிசலில் யார் முழங்கையாவது பட்டால் உயிர் போகிறது. சிலருக்கு ஒரு பக்கம், சிலருக்கு இரண்டு பக்கமும். பொம்பளையாக மாறிவிடுவோமோ என்று ராத்திரி தூக்கம் கிடையாது. அப்பாவிடம் சொல்ல பயம். அம்மாவிடம் சொல்ல வெட்கம். கூடப் படிக்கிறவன் கண்டுபிடித்தாலோ, பட்டப் பெயர் வைத்தே சாகடித்துவிடுவான்.

இது பெரும்பாலும் வியாதியே அல்ல. பருவ வயதுப் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வருகிறது. 13, 14 வயதில்தான் அதிகம். ஆண் உடம்பிலும் 'ஈஸ்ட்ரோஜன்' என்ற பெண்மைச் சுரப்பு கொஞ்சம் உண்டு. ஆண்மைச் சுரப்பு முழு வேகம் பிடிப்பதற்குள் அது சற்று முந்திக் கொள்கிறது. அவ்வளவுதான் சமாசாரம். பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 2 வருஷத்துக்குள் தானாகவே அமுங்கிவிடும். குண்டுப் பையன்களுக்கு வெறும் கொழுப்பாகவும் இருக்கலாம். அமுக்குவது, பிசைவது எல்லாம் வேண்டாம். வலிதான் கூடும்.

பையனின் பயம்தான் போலி ஆசாமிகளுக்கு முதலீடு. "வாலிப, வயோதிக அன்பர்களே!" என்ற நோட்டீசைப் பார்த்து, சேர்த்து வைத்த காசோடு லாட்ஜ் படி ஏறுகிறான். "எல்லாம் கைப்பழக்கத்தால் வந்த வினை" என்று அங்கே ஒரே போடு! கைப்பழக்கத்துக்கும் இந்தக் கட்டிக்கும் சம்பந்தமே கிடையாது. லேகியம் கைக்கு வரும்; காசு போய்விடும்.

ஆண்மை விருத்திக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். முதல் தடவை சிக்கினால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். சட்டமும் இருக்கிறது, சுவரில் நோட்டீசும் இருக்கிறது!

இன்னொரு கூத்து: உடம்பை ஏற்ற ஜிம்மில் ரகசியமாகக் கைமாறும் 'ஸ்டீராய்டு' ஊசி, மாத்திரையாலேயே இந்தக் கட்டி வரலாம்.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும்? கட்டி கல் மாதிரி கெட்டியாக இருந்தால், காம்பில் நீரோ ரத்தமோ கசிந்தால், மளமளவென்று வளர்ந்தால், விரையில் கட்டி தட்டுப்பட்டால் தாமதிக்கக் கூடாது. பருவம் வராத சின்னப் பையனுக்கு வந்தாலும், 2 வருஷமாகியும் போகாவிட்டாலும் காட்டிவிட வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரியில் புறநோயாளி சீட்டு போட்டாலே போதும். டாக்டர் விரையையும் பரிசோதிப்பார். பையனிடம் அதை வீட்டிலேயே சொல்லி அழைத்துப் போங்கள். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி வாசலிலேயே ஓட்டம் பிடித்துவிடுவான்.