கட்சிக்குக் கம்பெனி கொடுத்த கோடிகள்! கோர்ட்டு உத்தரவால் உடைந்தது ரகசியம்

அரசியல் கட்சிகளுக்குக் கம்பெனிகள் அள்ளிக் கொடுத்த கோடிக்கணக்கான ரூபாய் விவரம் 2024-ம் ஆண்டு மார்ச் மாதம் வெட்ட வெளிச்சமானது. அதுவரை யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்பது ஓட்டுப் போட்ட ஜனங்களுக்குத் தெரியாது.

தடை வந்தது, போனது

கம்பெனிகள் கட்சிகளுக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று 1969-ல் தடை போட்டார்கள். பணம் நின்றதா? இல்லை. கறுப்புப் பணமாகக் கை மாறியது.

1985-ல் தடை நீங்கியது. லாபத்தில் 5 சதவீதம் வரை கொடுக்கலாம் என்றார்கள். 2013-ம் ஆண்டு சட்டத்தில் இது 7½ சதவீதம் ஆனது. முந்தைய 3 ஆண்டு சராசரி லாபத்தை வைத்து இந்தக் கணக்கு.

2017-ல் அந்த வரம்பும் போச்சு! நஷ்டத்தில் ஓடும் கம்பெனி கூட எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். எந்தக் கட்சிக்கு என்று கணக்கில் காட்டவும் வேண்டாம்.

பெயர் இல்லாத பத்திரம்

2018-ல் தேர்தல் பத்திரம் வந்தது. ஸ்டேட் பாங்கியில் ஆயிரம் ரூபாய் முதல் 1 கோடி வரை வாங்கலாம். வாங்கியவர் பெயர் அதில் இருக்காது. கட்சி 15 நாளுக்குள் பணமாக்கிக் கொள்ளலாம்.

2024 பிப்ரவரி 15-ந் தேதி தலைமை நீதிபதி சந்திரசூட் உள்பட 5 நீதிபதிகள் இந்தத் திட்டம் செல்லாது என்று தீர்ப்பு கூறினார்கள். விவரம் தர ஜூன் 30 வரை ஸ்டேட் பாங்கி அவகாசம் கேட்டது. சுப்ரீம் கோர்ட்டு மறுத்துவிட்டது.

லாட்டரி கம்பெனி முதலிடம்

பட்டியலில் முதலிடம் கோவை பியூச்சர் கேமிங் லாட்டரி கம்பெனிக்கு. வாங்கிய பத்திரம் ரூ.1,368 கோடி! தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லேயே தடை. ஆனால் அந்தக் கம்பெனி தந்ததில் ரூ.509 கோடி தி.மு.க.வுக்கு வந்தது. எல்லாக் கட்சிகளையும் விட அதிகம் வாங்கியது பாரதீய ஜனதா. 2019 ஏப்ரலுக்குப் பிறகு மட்டும் ரூ.6 ஆயிரம் கோடிக்கு மேல்.

மீறினால் ஜெயில்

தீர்ப்புக்குப் பிறகு 7½ சதவீத வரம்பு திரும்பி வந்துவிட்டது. டைரக்டர்கள் கூடித் தீர்மானம் போட வேண்டும். அரசு கம்பெனியும், தொடங்கி 3 ஆண்டு ஆகாத கம்பெனியும் கொடுக்கவே கூடாது. மீறினால் கொடுத்த தொகையைப் போல 5 மடங்கு வரை அபராதம். பொறுப்பான அதிகாரிக்கு 6 மாதம் வரை ஜெயில்.

இன்னும் ஒரு ஓட்டை

பெரிய மாநிலங்களில் பாராளுமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 2022-ல் ரூ.95 லட்சம் ஆக்கப்பட்டது. டீ, சாப்பாடு வரைக்கும் கணக்கு எழுத வேண்டும். ஆனால் கம்பெனிகளிடம் கோடிகளை வாங்கும் கட்சியின் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது!