கண்புரையும் விழித்திரையின் மின்சோதனையும்

லிந்துலை மலைச்சரிவில் மூடுபனி இறங்கும் காலைப்பொழுதில் தேயிலைச் செடிகளைத் தனித்தனியே பிரித்தறிய இயலாது. ஆயினும் பொழுது விடிந்துவிட்டது என்பதை யாவரும் அறிவர். பனி ஒளியைச் சற்றுக் குறைத்துச் சிதறடிக்கிறதேயன்றி, முற்றாகத் தடுப்பதில்லை. கண்புரை விழிக்குள் செய்வதும் இதுவே.

புரை நன்கு முற்றிவிட்டால், நோயாளிக்கு வெளியுலகம் தெரியாதது போலவே, வைத்தியருக்கும் உள்ளிருக்கும் விழித்திரை தெரியாது. நீரிழிவு முதலிய நோய்களால் விழித்திரை முன்னரே பழுதுபட்டிருந்தால், புரையை அகற்றினாலும் பார்வை முழுமையாகத் திரும்பாது. கொழுந்து பறித்தே முதுமையடைந்த ஒரு தாயை நாட்கூலியை இழந்து கொழும்புவரை அழைத்துச் செல்லும் குடும்பத்தார், ‘சத்திரசிகிச்சையால் பயன் உண்டா?’ என்று கேட்பது இயல்பே. ஐயம் மிகுந்த வேளைகளில் விடை காண உதவுவது விழித்திரை மின்பதிவு.

ஒளி பட்டதும் விழித்திரையில் மின்மாற்றம் நிகழ்வதை 1865ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் ஹோம்கிரென் தவளையின் கண்ணில் கண்டார். 1940களில் கார்ப்பே என்பவர் இதனை நோயாளரைச் சோதிக்கும் முறையாக வளர்த்தார். நோயாளியை இருபது நிமிடம் இருளில் அமர்த்தி, உட்புறம் வெண்மையான அரைக்கோளக் கிண்ணத்தினுள் ஒளியைப் பளிச்சிடச் செய்வர். விழியின் முன்புறத்தைத் தொட்டு நிற்கும் நுண்ணிய மின்வாய், எழும் அலையைப் பதிகிறது. அதன் வலிமை ஒரு வோல்ட்டின் பத்தாயிரத்தில் சில பங்குகளே.

இச்சோதனையில் ஒளி எத்திசையிலிருந்தும் வந்து விழித்திரை முழுவதையும் நிரப்புவதால், புரை அதைச் சிதறடிப்பது பெருந்தடையன்று. ஆனால் உட்புகும் ஒளியின் அளவு குறைவதால் அலை தாழ்ந்தும் சற்றுத் தாமதித்தும் தோன்றலாம். அதனைக் கண்டு விழித்திரை கெட்டுவிட்டது என முடிவு செய்தல் தவறு. ஒளியை மேலும் வலுவாக்கிச் சோதித்தால் உண்மை புலப்படும். வலுத்த ஒளிக்கும் அலை எழாவிடின், விழித்திரை பெரிதும் பழுதுற்றது என ஐயுற இடமுண்டு.

கட்டங்களைக் காட்டிச் செய்யும் மின்சோதனைகளின் நிலை வேறு. அவற்றுக்கு விழித்திரையில் தெளிந்த உருவம் விழவேண்டும். புரை அவ்வுருவத்தைக் கலைத்துவிடுவதால், நலமான விழித்திரையும் நலிந்ததுபோல் தோன்றக்கூடும்.

பளிச்சொளிச் சோதனைக்கும் எல்லையுண்டு. அது விழித்திரை முழுவதன் கூட்டுக்குரலையே கேட்கிறது. எழுத்தை வாசிக்க உதவும் நடுப்பகுதி சிறியது. அது மட்டும் கெட்டிருப்பினும் அலை ஏறத்தாழச் சரியாகவே இருக்கலாம். பார்வை நரம்பின் நோயையும் அது பொதுவாகக் காட்டாது.

புரையுள்ளோர் அனைவருக்கும் இச்சோதனை வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு ஒளி வரும் திசையை உணரும் ஆற்றலும், கண்பாவை ஒளிக்குச் சுருங்கும் விதமும், வேண்டுமிடத்து ஒலியலைப் படமும் போதும். மின்பதிவு செய்யப்பட்டவிடத்து, அலையின் உயரத்தை மட்டும் நோக்காமல், புரையின் அடர்த்தியையும் ஒளியின் வலிமையையும் சேர்த்தே அதற்குப் பொருள் கொள்ளவேண்டும். இல்லையேல், குணமாகக்கூடிய கண் ஒன்று சிகிச்சையின்றித் திருப்பி அனுப்பப்படக்கூடும்.