பாடு தெரியுமா, பாடு?

"முதலில் ஸோன் ஒன்று மட்டும்!" என்று சென்னை ஏர்போர்ட் மைக் கரகரத்ததுதான் தாமதம், கேட்டில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். அடியேன் ஸோன் நாலு. நானும் எழுந்தேன். எல்லார் கையிலும் ஸீட் நம்பர் இருக்கு ஸார்! அப்புறம் எதுக்கு இந்த முட்டல் மோதல்? (மேலே பெட்டி வைக்க இடம் போயிடுமே, அதுதான்!)

எனக்குப் பழவேற்காடு ஞாபகம் வந்தது. அங்கே ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரத்துப் பக்கம்தான் இறால் அதிகம். வலை கட்ட இடமோ கொஞ்சம். வெட்டுக்குத்துதானே நடக்கணும்? கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்ப் பட்டினவர்களும் தலைமுறை தலைமுறையாக அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பெயர் 'பாடு'. சீட்டுக் குலுக்கிப் போட்டு முறை வைப்பார்கள். இந்த முறை நல்ல இடம் கிடைத்தவர் அடுத்த முறை நகர்ந்தாக வேண்டும். கூடுதல் காசுக்கு முன்வரிசை? மூச்!

ஜன்னலோர ஸீட்காரர்களை, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக முதலில் ஏற்றினால் நேரம் மிச்சம் என்று 2008-லேயே கணக்குப் போட்டுச் சொன்னார் ஜேஸன் ஸ்டெஃபன் என்கிற அமெரிக்க இயற்பியலாளர். கம்பெனிகளுக்கோ காசு கொடுத்தவர்தான் முதலில்.

பாடு மட்டும் ரொம்ப யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. சீட்டில் பேர் இருப்பது அந்தச் சமூகத்து ஆண்களுக்குத்தான். அதே ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளருக்கு அதில் இடமில்லை. இதை வைத்து ஏரியில் தகராறும் நடந்திருக்கிறது.

ஒருவழியாக ஸோன் நாலைக் கூப்பிட்டார்கள். என் பெட்டிக்கு என்னைவிடப் பத்து வரிசை முன்னால் இடம் கிடைத்தது.